'போயிருந்தா', 'போயிருப்பேன்': நடந்து முடிஞ்சத நெனச்சு இங்கிலீஷ்ல வருத்தப்படறது எப்படி

"நீ முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்." இந்த வாக்கியத்த வாய்விட்டு ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க. 'சொல்லியிருந்தா', 'வந்திருப்பேன்' ரெண்டுலயும் நடுவுல ஒரு 'இரு' ஒட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அந்த 'இரு' தான் இங்கிலீஷ்ல ஹேட்னும் ஹேவ்னும் வருது. இத மட்டும் பிடிச்சுக்கிட்டா இந்தப் பாடத்துல பாதி முடிஞ்சுது. ஸ்கூல்ல இதுக்கு பாஸ்ட் பர்ஃபெக்ட், டைப் 3 கண்டிஷனல்னு பேர் வெச்சு கட்டம் போட்டு சொல்லிக்குடுப்பாங்க, நாமளும் மனப்பாடம் பண்ணி எழுதிடுவோம், ஆனா பேசற நேரத்துல அந்தக் கட்டம் ஞாபகத்துக்கு வராது. 'இருந்தா'வும் 'இருப்பேன்'உம் எப்பவும் ஞாபகம் இருக்கும், ஏன்னா அது மூணு வயசுலேர்ந்து நம்ம வாயில இருக்கற விஷயம்.

அப்படியே பக்கத்துல வெச்சுப் பாருங்க:

நீ சொல்லியிருந்தா, நான் வந்திருப்பேன்.
இஃப் யூ ஹேட் டோல்ட் மி, ஐ வுட் ஹேவ் கம்.

'இருந்தா' வர்ற பக்கம் இஃப்பும் ஹேட்டும். 'இருப்பேன்' வர்ற பக்கம் வுட் ஹேவ். இந்த ரெண்டையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். நெறைய பேர் பண்ற தப்பு என்னன்னா ரெண்டு பக்கமும் வுட் ஹேவ் போட்டுடறது, "இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மி, ஐ வுட் ஹேவ் கம்"னு. தமிழ்ல யாராவது "நீ சொல்லியிருப்பன்னா நான் வந்திருப்பேன்"னு சொல்வோமா? காதுக்கே ஒத்துக்காது. இங்கிலீஷ்லயும் அதே கதைதான், இஃப் இருக்கற பக்கம் வுட் ஹேவ் வராது. அமெரிக்கக்காரங்க பேச்சுல இப்படி ரெண்டு பக்கமும் வுட் ஹேவ் வர்றத நீங்க சீரியல்ல, வீடியோல கேட்டிருக்கலாம், பேச்சுல அது அங்க ஓடுது, ஆனா பரீட்சைல எழுதினா தப்புன்னு சுழிச்சிடுவாங்க, ஆபீஸ் மெயில்லயும் அது நல்லா இருக்காது.

அடுத்தது ஹேட்டுக்குப் பின்னாடி வர்ற சொல். "ஹேட் வெண்ட்", "ஹேட் சா", "ஹேட் ஸ்போக்" இதெல்லாம் தப்பு. போய்-இருந்தா, பாத்து-இருந்தா, பேசி-இருந்தா, இதுல போய், பாத்து, பேசி எல்லாம் யாரு எப்ப பண்ணாலும் மாறாம அப்படியே இருக்கு பாருங்க. இங்கிலீஷ்ல அந்த மாறாத வடிவம்தான் வெர்ப்போட மூணாவது ஃபார்ம். "கோ வெண்ட் கான்"னு சின்னதுல ராகம் போட்டு சொன்னோமே, அதுல கடைசியா வர்றது. வருத்தப்படறதுக்குத் திரும்பத் திரும்ப தேவைப்படறது கொஞ்சம்தான்: கான், சீன், டன், டேக்கன், கிவன், நோன், ஸ்போக்கன், சோசன், ரிட்டன், அப்புறம் லெஃப்ட், டோல்ட், செட், பாட், லாஸ்ட் மாதிரி ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணாவே இருக்கறது. இதுகள மட்டும் நாக்குல ஏத்திக்கோங்க, மொத்த லிஸ்ட்டையும் உருப்போடற வேலை வேணாம்.

இப்ப விஷ். இதுல நமக்கு ஒரு தனி சிக்கல் இருக்கு, யாரும் சொல்லிக்குடுக்கறதில்ல. தமிழ்ல நாம விஷ்ங்கற வார்த்தைய தினமும் சொல்றோம், "பர்த்டேக்கு விஷ் பண்ணியா", "பொண்ணு மாப்பிள்ளைய மேடைல போய் விஷ் பண்ணிட்டு வந்தேன்"னு. நமக்கு விஷ்னாலே வாழ்த்து. அதுனால வருத்தமான ஒரு விஷயத்துக்கு ஐ விஷ்னு ஆரம்பிக்கவே வாய் வராது. ஆனா இங்கிலீஷ்ல இந்த வார்த்தைக்கு இன்னொரு வேலையும் இருக்கு, நடக்காமப் போனத நெனச்சு ஏங்கறது. தமிழ்ல அதுக்கு நேரான அச்சு "...இருந்தா நல்லா இருந்திருக்கும்".

கார் ஓட்டக் கத்துக்கிட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.
ஐ விஷ் ஐ ஹேட் லேர்ன்ட் டு டிரைவ்.

நம்ம வாக்கியத்துல கடைசில வர்ற 'நல்லா இருந்திருக்கும்' அங்க ஐ விஷ்னு முன்னாடி போயிடுது, 'இருந்தா' வழக்கம்போல ஹேட் ஆயிடுது. இஃப் வேணாம். "ஐ விஷ் இஃப் ஐ ஹேட் லேர்ன்ட்"னு சொல்றவங்க ஏராளம், 'இருந்தா'ல ஒரு 'ஆ' இருக்கறதால இஃப் போடணும்னு தோணும், அந்த இஃப்ப எடுத்துடுங்க.

சில நேரம் நாம 'நல்லா இருந்திருக்கும்'கறத சொல்லவே மாட்டோம். "அன்னைக்கு மட்டும் அவரு பேச்சக் கேட்டிருந்தா..."ன்னு இழுத்துட்டு ஒரு பெருமூச்சு விட்டு நிறுத்திடுவோம், எதிர்ல இருக்கறவங்களுக்கும் புரிஞ்சிடும். அந்தப் பெருமூச்சோட இங்கிலீஷ் பேருதான் இஃப் ஒன்லி. "இஃப் ஒன்லி ஐ ஹேட் லிசன்ட் டு ஹிம்." அங்கயும் மீதிய சொல்லாம விட்டுடலாம். "மட்டும்"னு நாம போடற இடத்துலதான் அவங்க ஒன்லி போடறாங்க, ரெண்டு மொழியும் இந்த இடத்துல எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

"விஷ்ஷுக்கு அப்புறம் ஏன் ஹேட், சாதா பாஸ்ட் டென்ஸ் போதாதா?"ன்னு கேப்பாங்க. போதாது. கற்பனையா ஒண்ணச் சொல்லும்போது இங்கிலீஷ் காலத்த ஒரு படி பின்னாடி தள்ளும். இப்ப இருக்கறதப் பத்தின ஏக்கம்னா ஒரு படி பின்னாடி, பாஸ்ட். முடிஞ்சதப் பத்தின ஏக்கம்னா ஏற்கனவே பாஸ்ட், அதுலேர்ந்து இன்னும் ஒரு படி, அதான் ஹேட். "ஐ விஷ் ஐ நியூ ஹிந்தி"ன்னா இப்ப எனக்கு ஹிந்தி தெரியாது, தெரிஞ்சா நல்லா இருக்கும். "ஐ விஷ் ஐ ஹேட் நோன்"னா அப்ப எனக்குத் தெரியாமப் போச்சே. தமிழ்ல பாருங்க, 'தெரிஞ்சா', 'தெரிஞ்சிருந்தா'. நாமளும் 'இரு' சேத்து ஒரு படி பின்னாடி போறோம். "ஐ விஷ் ஐ வேர் ரிச்"னு வாஸ்ஸுக்கு பதிலா வேர் வர்றது இந்த நிகழ்கால ஏக்கத்துலதான், வாஸ் சொன்னாலும் பேச்சுல யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க, எழுதும்போது வேர் போட்டுக்கோங்க. முடிஞ்சு போனதுக்கு ரெண்டும் கிடையாது, ஹேட் பீன்.

விஷ்ஷும் ஹோப்பும் வேற வேற. என்ன ஆச்சுன்னு நமக்கே தெரியலன்னா ஹோப். "ஐ ஹோப் யூ ரீச்ட் சேஃப்லி", நல்லபடியா போய்ச் சேந்திருப்பீங்கன்னு நம்பறேன். நடக்கலன்னு தெரிஞ்சே சொல்றதுதான் விஷ். பரீட்சை எழுதிட்டு வந்த பையன்கிட்ட "ஐ விஷ் யூ ஹேட் பாஸ்ட்"னு சொன்னா, நீ ஃபெயில் ஆயிட்டேன்னு எனக்குத் தெரியும்னு அர்த்தம் ஆயிடும், பாவம் அவன் பயந்துடுவான்.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம், 'இருக்கலாம்'. எங்க ஏரியால சாயங்காலம் கொஞ்சப் பேருக்கு ஸ்பீக்கிங் ப்ராக்டிஸ் குடுக்கறேன், அதுல நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சைக்குத் தயாராகிட்டிருந்த ஒரு பொண்ணு இருந்துச்சு. அந்த ஸ்பீக்கிங் டெஸ்ட்டே மொத்தம் 11லேர்ந்து 14 நிமிஷம்தான், அதுல ரெண்டாவது பகுதில ஒரு தலைப்பு குடுத்து 1 நிமிஷம் யோசிக்க விட்டு 1லேர்ந்து 2 நிமிஷம் வரைக்கும் பேசச் சொல்வாங்க. நான் உங்களுக்குப் பிடிச்ச ஒரு பெரியவங்களப் பத்திப் பேசுங்கன்னு குடுத்தேன். அந்தப் பொண்ணு பாட்டியப் பத்திப் பேச ஆரம்பிச்சு, பாட்டி இறக்கறதுக்கு முன்னாடி தான் ஹாஸ்டல்ல இருந்ததயும் கிளம்பிப் போகாததயும் சொல்லிட்டு, கண்ணு கலங்க "ஐ மே ஹேவ் சீன் ஹர் ஒன் லாஸ்ட் டைம்"னு முடிச்சுது. அது மனசுல சொல்ல நெனச்சது "கடைசியா ஒரு தடவை பாத்திருக்கலாம்". இங்கிலீஷ்ல வந்து விழுந்த அர்த்தம் "ஒரு வேளை பாத்திருப்பேன், சரியா ஞாபகம் இல்ல". அவ்வளவு பெரிய வருத்தம், ஒரு சின்ன மே-வால மறதி ஆயிடுச்சு. இலக்கணத்துக்காக மட்டும் இத சொல்லல, மனசுல இருக்கறது அப்படியே அடுத்தவங்களப் போய்ச் சேரணும்ங்கறதுக்காகச் சொல்றேன்.

தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல, நம்ம 'இருக்கலாம்' அப்படி. ஒரே சொல்லு மூணு வேலை பாக்குது. "அவன் வந்திருக்கலாம், செருப்பு வெளில கிடக்கு", இது ஊகம், இதுக்கு மே ஹேவ், மைட் ஹேவ். "அவன் வந்திருக்கலாம், வீடு பக்கத்துலதான்", இது வாய்ப்பு இருந்தும் வரல, இதுக்கு குட் ஹேவ். "நான் வந்திருக்கலாம்டா, தப்புப் பண்ணிட்டேன்", இது வருத்தம், இதுக்கு ஷுட் ஹேவ், இல்லன்னா ஐ விஷ் ஐ ஹேட். அந்தப் பொண்ணு சொல்லியிருக்க வேண்டியது "ஐ விஷ் ஐ ஹேட் சீன் ஹர் ஒன் லாஸ்ட் டைம்", இல்ல "ஐ ஷுட் ஹேவ் கான் டு சீ ஹர்". முதல் வாக்கியத்துல ஏக்கம் தூக்கலா இருக்கும், ரெண்டாவதுல தன் மேலயே ஒரு குத்தம் இருக்கும். அதுனால 'இருக்கலாம்'னு மனசுல வந்த உடனே ஒரு நொடி நின்னு, இது ஊகமா வருத்தமான்னு மட்டும் கேட்டுக்கோங்க. ஊகம்னா மே, மைட். வருத்தம்னா அந்த மே பக்கமே போகாதீங்க.

'இருக்கணும்'உம் இதே மாதிரி ரெண்டு முகம் உள்ளது. "நீ நேத்தே பீஸ் கட்டியிருக்கணும்"னா கட்டல, அதுக்குத் திட்டு, யூ ஷுட் ஹேவ் பெய்ட். "அவன் கட்டியிருக்கணும், ரசீது இருக்கே"ன்னா கட்டிட்டான்னு உறுதியான ஊகம், ஹி மஸ்ட் ஹேவ் பெய்ட். கட்டாததுக்கு மஸ்ட் ஹேவ் போட்டுட்டா அர்த்தம் தலைகீழா போயிடும்.

'சொல்லியிருக்கக் கூடாது'ன்னா ஷுடன்ட் ஹேவ் செட், சொல்லிட்டோம், அது தப்பு. 'வாங்கியிருக்க வேண்டாம்'னா நீடன்ட் ஹேவ் பாட், வாங்கிட்டோம், தப்பொண்ணும் இல்ல, வீண் செலவு. விருந்துக்கு வந்தவங்க கை நிறைய பழம் வாங்கிட்டு வந்தா "யூ நீடன்ட் ஹேவ் பாட் ஆல் திஸ்"னு சொல்லலாம், அங்க ஷுடன்ட் ஹேவ் சொன்னாலும் அன்பாத்தான் எடுத்துப்பாங்க. 'நீ அவகிட்ட சொல்லாம இருந்திருந்தா தேவல'ங்கறதுக்கும் ஒரு அச்சு இருக்கு, "ஐ வுட் ராதர் யூ ஹேடன்ட் டோல்ட் ஹர்". அதுலயும் ஹேட் தான், பாருங்க.

காதுல எப்படி விழும்னும் சொல்லிடறேன். வேகமா பேசும்போது ஷுட் ஹேவ், குட் ஹேவ், வுட் ஹேவ் எல்லாம் ஷுடவ், குடவ், வுடவ்னு சுருங்கிடும். அதக் கேட்டுட்டு ஹேவ்வுக்கு பதிலா ஆஃப்னு (ஒரே ஒரு எஃப் போட்டு) எழுதறவங்க இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவங்கள்லயே நெறைய இருக்காங்க, அது தப்பு, நீங்க எழுதாதீங்க. இன்னொரு சுருக்கம் ஐட். மேல ஒரு குறி போட்டு வெறும் டி எழுத்து மட்டும் இருக்கும், அது ஐ ஹேட்டாவும் இருக்கலாம், ஐ வுட்டாவும் இருக்கலாம். அடுத்து வர்ற சொல்ல வெச்சுக் கண்டுபிடிக்கணும். பின்னாடி மூணாவது ஃபார்ம் வந்தா அது ஹேட், முதல் ஃபார்மோ ஹேவ்வோ வந்தா அது வுட். "இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்", முதல் ஐட் ஹேட், ரெண்டாவது வுட். பாட்டுலயும் படத்துலயும் கேக்கும்போது இதனாலதான் ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரி தோணி நம்மளக் குழப்புது.

ஆபீஸ்ல இதப் பயன்படுத்தும்போது இன்னும் கொஞ்சம் கவனம் வேணும். லீவு போட்டத லேட்டா சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. "ஐ ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் யூ எர்லியர்"னு எழுதினா என் பொறுப்பு, நான் தவறிட்டேன்னு ஒத்துக்கறீங்க, மரியாதையா இருக்கும். அதையே "ஐ குட் ஹேவ் இன்ஃபார்ம்ட் யூ"ன்னு எழுதினா, சொல்ல முடிஞ்சுது, சொல்லலன்ற மாதிரி ஒரு அலட்சியம் வந்துடும். எதிர்ப்பக்கம், மேல இருக்கறவங்க நமக்குச் சொல்லாம விட்டுட்டாங்கன்னா, "யூ ஷுட் ஹேவ் டோல்ட் மி"ன்னு எழுதினா சண்டைக்குப் போற மாதிரி, நம்ம ஊர்ல மேனேஜர்கிட்ட "நீங்க சொல்லியிருக்கணும்"னு முகத்துக்கு நேரா சொன்னா எப்படி இருக்குமோ அப்படி. "ஐ விஷ் யூ ஹேட் டோல்ட் மி" கொஞ்சம் மெதுவு. அதவிட மெதுவா, யார் மேலயும் விரல் நீட்டாம சொல்லணும்னா "இட் வுட் ஹேவ் ஹெல்ப்ட் இஃப் ஐ ஹேட் நோன் எர்லியர்", முன்னாடியே தெரிஞ்சிருந்தா உதவியா இருந்திருக்கும். நான் எல்லார்கிட்டயும் இந்த மூணாவதத்தான் பழகச் சொல்றேன். கடிதத்துல இஃப்ப எடுத்துட்டு "ஹேட் ஐ நோன்"னு ஆரம்பிக்கற வழக்கமும் உண்டு, படிக்கும்போது புரிஞ்சா போதும், பேச்சுல தேவையில்ல.

ரிக்ரெட்டுக்கு சுருக்கமா: பின்னாடி இங் வந்தா செஞ்சதுக்கு வருத்தம், டு வந்தா இனிமே சொல்லப்போற கெட்ட செய்திக்கு முன்னுரை. "ஐ ரிக்ரெட் செல்லிங் த லேண்ட்"னா நிலத்த வித்துட்டு வருத்தப்படறேன். "வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ"ன்னு ஒரு மெயில் ஆரம்பிச்சா மீதியப் படிக்கறதுக்கு முன்னாடியே வேலை கிடைக்கலன்னு தெரிஞ்சுக்கலாம். இந்த வார்த்தைல ஒரு அரசாங்க வாடை உண்டு, ஸ்டேஷன்ல ட்ரெயின் லேட்டுன்னு சொல்லும்போது வர்ற "டீப்லி ரிக்ரெட்டட்", தூர்தர்ஷன்ல வந்த "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை எல்லாம் அந்த வகை. நண்பர்கள்கிட்ட பேசும்போது ஐ விஷ் போதும்.

எல்லாரும் பயப்படற ஒண்ணு இருக்கு, ஹேட் ஹேட். புத்தகத்துல பாத்தா அச்சுப்பிழைன்னு நெனப்பாங்க. "அப்ப எங்கிட்ட காசு இருந்திருந்தா அந்த வீட்ட வாங்கியிருப்பேன்." 'இருந்திருந்தா'ல எத்தன 'இரு' இருக்கு? ரெண்டு. முதல் 'இரு' காசு இருக்கறது, ரெண்டாவது 'இரு' நம்ம வழக்கமான ஒட்டு. அங்கயும் ரெண்டு ஹேட், வரிசை மட்டும் மாறும், முதல் ஹேட் ஒட்டு, ரெண்டாவது ஹேட் கையில இருக்கறது. "இஃப் ஐ ஹேட் ஹேட் த மணி, ஐ வுட் ஹேவ் பாட் தட் ஹவுஸ்." கையில காசோ பொருளோ இருக்கறது இல்ல, ஆளு ஒரு இடத்துல இருக்கறதுன்னா ஹேட் பீன், "நான் அங்க இருந்திருந்தா", "இஃப் ஐ ஹேட் பீன் தேர்".

இதே கணக்கு இன்னொரு இடத்துலயும் காப்பாத்தும். "அந்த வேலைய எடுத்திருந்தா நான் இப்ப சென்னைல இருப்பேன்"னு சொல்றோம், 'இருந்திருப்பேன்'னு சொல்றதில்ல, ஏன்னா முடிவு இப்பத்தியது. 'இருப்பேன்'ல 'இரு' ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் ஒட்டு இல்ல, நிஜமாவே இருக்கறது. அதுனால வுட் ஹேவ் வராது, வுட் பி தான்: "இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பி இன் சென்னை நவ்." கடைசில இப்பன்னு போட முடியுதான்னு பாருங்க, போட முடிஞ்சா அந்தப் பக்கம் ஹேவ் வேணாம்.

பழக்கப்படுத்திக்க நான் குடுக்கற வேலை ஒண்ணுதான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அன்னைக்கு நடந்ததுல மூணு விஷயத்த முதல்ல தமிழ்ல எழுதுங்க, 'குடை எடுத்துட்டுப் போயிருக்கலாம்', 'அவன்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது', 'சீக்கிரம் கிளம்பியிருந்தா பஸ்ஸப் பிடிச்சிருப்பேன்' மாதிரி. எழுதிட்டு 'இரு' ஒட்டா வர்ற இடத்துல எல்லாம் கோடு போடுங்க. அப்புறம் இங்கிலீஷ்ல மாத்துங்க. ஐ ஷுட் ஹேவ் டேக்கன் அன் அம்ப்ரெல்லா. ஐ ஷுடன்ட் ஹேவ் ஸ்போக்கன் டு ஹிம் லைக் தட். இஃப் ஐ ஹேட் லெஃப்ட் எர்லியர், ஐ வுட் ஹேவ் காட் த பஸ். கோடு போட்ட ஒவ்வொரு 'இரு'வுக்கும் அங்க ஒரு ஹேட்டோ ஹேவ்வோ இருக்கணும், இல்லன்னா எங்கயோ விட்டுட்டீங்க. சொந்த விஷயமா இருக்கறதால மனசுல நிக்கும், கைடுல இருக்கற ராமு சோமு வாக்கியம் நிக்காது.

நாம வருத்தப்படறதுக்கு மட்டும் இல்ல, ஒருத்தர் நம்மகிட்ட வந்து "ஐ ஷுட் ஹேவ் பீன் தேர்"னு உடைஞ்சு சொல்லும்போது பதில் சொல்லவும் இதே இலக்கணம்தான் வேணும். அந்த நேரத்துல "எஸ், யூ ஷுட் ஹேவ்"னு தலையாட்டிடாதீங்க, அது ஆமா தப்புதான்னு குத்திக் காட்டற மாதிரி ஆயிடும். நாம தமிழ்ல "உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்"னு சொல்லித் தேத்துவோமே, அது "யூ குடன்ட் ஹேவ் நோன்". "நீ இருந்திருந்தாலும் என்ன பண்ணியிருக்க முடியும்"னு சொல்வோமே, அது "தேர் வாஸ் நத்திங் யூ குட் ஹேவ் டன்". அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட அன்னைக்கு மே-வத் திருத்தறதுக்கு முன்னாடி இந்த ரெண்டாவத தமிழ்ல சொன்னேன், கொஞ்ச நேரம் கழிச்சு இங்கிலீஷ்லயும் சொல்லிக்குடுத்தேன், ஒரு நர்ஸுக்கு வார்டுல இது தேவைப்படும்னு.